ஆறு காவலர்கள் உள்ள கட்டடம்

செசிலியா வேலை பார்த்த டேட்டா சென்டருக்கு வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்று உண்டு. "இருபத்து நான்கு மணி நேரமும் ஆறு காவலர்கள்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஆறு வாலிபர்களின் படம். அந்த ஆறு பேரில் ஒருவனைக்கூட ஒன்பது வருஷத்தில் அவள் நேரில் பார்த்ததில்லை. பகல் ஷிப்டில் முன்வாசலில் அவள். பின்னால் லோரி வந்து நிற்கும் இடத்தில் கார்த்திகேசு. அவ்வளவுதான் அந்தக் கோட்டையின் படை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவள் செசிலியா. தினமும் சைபர்ஜெயாவுக்கு பஸ் ஏறி வருவாள். உள்ளே இருக்கும் மெஷின்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், டை கட்டியவன் ஒருவன் நல்ல வார்த்தை பேசி உள்ளே நுழைந்துவிட்டால் போதும், கோடிக்கணக்கில் வாங்கிப் போட்ட பூட்டெல்லாம் வெறும் அலங்காரம் என்பது தெரியும். ஒரு கார்டைத் தட்டிவிட்டு இரண்டு பேராக நுழையும் என்ஜினியர்களைத் திருப்பி அனுப்புவாள். "காவல் நிக்கிற ஜாகாவுக்கு இவ்ளோ கெத்தா" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் மறுபடி கார்டைத் தட்டுவார்கள். படித்த பிள்ளைகள், கதவு எதற்கு இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செக்யூரிட்டி கம்பெனி மேனேஜர் கெல்வின் வேனில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்தான். கிள்ளானில் ஏதோ கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். போட்டிருந்த யூனிபார்மில் உறையிலிருந்து பிரித்த மடிப்புகூடக் கலையவில்லை.

"ஆன்டி, இங்க டேட்டா வச்சிருக்கிற பேங்க்ல இருந்து ஆடிட்டர் பத்து மணிக்கு வராங்க. இவங்களுக்கு வேலைய சொல்லிக் குடுங்க லா."

"இப்பவே மணி ஒம்போதே முக்கால், பாஸ்."

"பதினஞ்சு நிமிஷம் இருக்கே! சும்மா நிக்கிற வேலைதானே?"

அதோடு விடாமல், காவலர் வருகையைக் குறிக்கும் புது நோட்டு ஒன்றையும் நீட்டினான். மூன்று மாதத்துக்கு நாளொன்றுக்கு ஆறு பெயர். எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. "இதக் காட்டுங்க. பழச உள்ள வச்சிருங்க."

செசிலியா நோட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். பொய் சொல்லச் சொன்னதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். 'சும்மா நிக்கிற வேலை' என்ற சொல்தான் நெஞ்சில் தைத்தது.

ஆடிட்டர் ஃபர்ஹானா நேராக அந்த நான்கு பேரில் ஒருவரான பழனியப்பனிடம் போனாள்.

"அண்ணே, நெருப்பு மணி அடிச்சா நீங்க எங்க போய் நிப்பீங்க?"

பழனியப்பன் கெல்வினைப் பார்த்தார். கெல்வின் கூரையைப் பார்த்தான்.

"வெளிய ஓடிருவேன் மேடம்," என்றார் பழனியப்பன், பாவம், உள்ளதை உள்ளபடி.

ஃபர்ஹானா செசிலியா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அக்கா."

"மணி அடிச்சா பூட்டெல்லாம் தானா திறந்துக்கும் மேடம். மொத்தம் எட்டுக் கதவு. முன்னால நான் நிப்பேன், பின்னால கார்த்திகேசு. மத்த ஆறையும் ஆண்டவர்தான் பாத்துக்கணும்."

"அப்போ இவங்க நாலு பேரு?"

"இன்னைக்கு வேன்ல வந்தவங்க." மேசை டிராயரைத் திறந்து, உண்மையான பெயர்கள் உள்ள பழைய நோட்டை எடுத்து ஃபர்ஹானா கையில் கொடுத்தாள் செசிலியா. கெல்வின் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிச் சமாளித்தான்.

பேங்க் விடவில்லை. ஒரே மாதத்தில் நிஜமாகவே நான்கு காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். "பாதுகாப்பைப் பலப்படுத்தியதற்காக" கம்பெனி பாராட்டுக் கடிதம் கொடுத்தது, கெல்வினுக்கு. செசிலியாவுக்கும் ஒரு கடிதம் வந்தது: உடல்நலம் கருதி, பங்சாரில் ஒரு கொண்டோமினியம் அடுக்குமாடியின் வாசலுக்கு மாற்றம். காய்ச்சல் என்று ஒரு நாள்கூட லீவு போடாதவளின் உடல்நலத்தில் அவர்களுக்கு அப்படி ஓர் அக்கறை!

யாரும் கேட்காமலே, கிளம்புவதற்கு முன் நான்கு நாள் அந்தப் புது ஆட்களை எட்டுக் கதவுக்கும் நடத்திக் கூட்டிப்போய்ப் பழக்கினாள். அந்த வாசலை விட்டுப் போவது வலிக்கத்தான் செய்தது. கடைசி நாள் மாலை கெல்வின் வந்தான்.

"ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா இங்கயே இருந்திருக்கலாமே, ஆன்டி?"

"இருந்திருக்கலாம் பாஸ்," என்றாள் செசிலியா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "ஆனா தினமும் உங்க மூஞ்சில முழிக்கணுமே."