என் நிரையில் நில்லு

இது பொய் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். பொய்யாக இருந்தால் எனக்குத்தான் நிம்மதி. ஆனால் நடந்தது. பட்டப்பகலில், கொழும்பில், ஆட்கள் நடமாடும் பெரிய ஓவியக்கூடத்தில் நடந்தது.

நான் தயானி. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். கொழும்பில் வேலை. நிருபனைக் கட்டிக்கொள்ள இருந்தேன். அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருக்கும் அவருடைய அம்மா சத்தியபாமா மாமிக்கும், பதுளை டவுனில் அப்பாவுக்குக் கடை என்று சொல்லி வைத்திருந்தேன். கடையாவது மண்ணாவது! அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். இது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்குப் பயம்.

அன்று மாமிக்கு ஓவியம் பார்க்க ஆசை. கூட்டிப் போனேன். மேல்மாடியில் சுவரளவுக்கு ஒரு பழைய ஓவியம். மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். ஆளுக்கொரு வரிசைச் செடி. அதைத்தான் தோட்டத்தில் நிரை என்போம்.

"இது உங்கட பக்கமெல்லே பிள்ளை? உமக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"எங்களுக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல மாமி."

பட்டென்று சொன்னேன். மாமி தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரச் சாக்கு வாடை... ஏசி அறையில்.

திரும்பினேன். பக்கத்தில் ஒரு பெண். இடுப்பில் சாக்கு. முதுகில் கூடை. வெறுங்கால், அதில் சேறு. ஏதோ நிகழ்ச்சிக்கு வேஷம் கட்டியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏ புள்ள... செத்த எந் நிரையில நில்லு. தண்ணி குடிச்சிட்டு வந்திர்றேன். கங்காணி வந்தா வைவான்."

தோட்டத்தில் இப்படிக் கேட்டால் யாரும் மாட்டேன் என்பதில்லை. என் வாய் முந்திக்கொண்டது.

"சரிக்கா, போயிட்டு வாங்க."

போனாள். காலடிச் சத்தமே இல்லை... தரையில் ஈரத் தடம் மட்டும். காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஓவியத்தைப் பார்த்தேன்.

கடைசி நிரையில் ஆள் இல்லை. வெறும் செடி.

முன்பு அங்கே ஒருத்தி நின்றாள். நான் பார்த்தேனே...

கணுக்கால் அரித்தது. குனிந்தேன்.

அட்டை.

கொழும்பில், மாடியில், அட்டை!

"ஐயோ, இதென்ன பிள்ளை? இரத்தமெல்லே வருது!" மாமி ஓடி வந்தார்.

"தெரியல மாமி... ஏதோ பூச்சி."

அட்டை கடித்து வளர்ந்த கால் என்னுடையது. அப்போதும் பொய்தான் வந்தது.

கீழே இறங்கும்போது போன் அடித்தது. அம்மா. மாமியை விட்டுத் தள்ளி நின்று எடுத்தேன்.

"தயா, யாரோ ஒரு பொம்பள வந்துருக்கும்மா. தோட்டத்துல எந்த டிவிசன்னு தெரியல. தண்ணி கேட்டுச்சு. சொம்பு சொம்பா குடிக்குது."

"எப்ப வந்தா?"

"இப்பத்தான். வாசல்லயே ஒக்காந்திருக்கு."

கொழும்பிலிருந்து ஹாலிஎலைக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்க வேண்டும்.

"என்னம்மா சொல்றா?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒம் மக தோட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லேங்குறா... அப்புறம் எதுக்கு எந் நிரையில நிக்கிறான்னு கேக்குது."

மாமி எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"நீ அப்பிடியா தயா சொன்ன?"

பயமெல்லாம் அந்த நிமிடம் எங்கோ போய்விட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மாமி பக்கத்தில் வந்துவிட்டார்.

"ஆர் பிள்ளை போன்ல? அம்மாவே?"

"இல்ல மாமி... தெரிஞ்சவங்க."

போனை நான் இன்னும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு கேட்டது. அவளுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, அந்தக் குரலும் கேட்டது.

"பாத்தியா தாயி... நாஞ் சொன்னேன்ல?"