சியென் மாவ்-ஷெங் மாற்றாமல் விட்ட ஹார்டு டிஸ்க்

தைவானின் தைனான் நகரத்தில் பதினோரு கடைகளின் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கும் சியென் மாவ்-ஷெங்குக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஹார்டு டிஸ்க் சொல்லிட்டுத்தான் சாகும், கேக்கத்தான் ஆள் இல்ல" என்று போகிற இடமெல்லாம் பிரசங்கம் செய்வான். டிஸ்க்கில் பழுதான இடங்களின் எண்ணிக்கை ஏறினால் அன்றைக்கே நகலெடுத்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டும். அதுதான் அவன் வேதம்.

நாற்பத்து மூன்று வயதில் அவனுக்கும் கல்யாணம் கூடி வந்தது. மீன் கஞ்சிக் கடை யூ-சுவான் சரி என்றதை அவனாலேயே நம்ப முடியவில்லை. ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்பே கோட்டும் கவுனும் போட்டுப் படம் எடுத்தாக வேண்டும். உப்பளத்து வெயிலில், வாடகைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஒன்பது மணி நேரம் நின்றாள். எண்ணூறு படங்களும், அந்தப் பதினோரு கடைகளில் ஒன்றான லுவோ அக்காவின் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஏறின. கேமரா கார்டுகளை அடுத்த ஜோடிக்காக அன்றே அழித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் முனக ஆரம்பித்தது. மாவ்-ஷெங் சோதித்தான். காலையில் எட்டாக இருந்த பழுது மதியத்துக்குள் நூற்றுப்பன்னிரண்டு.

கம்ப்யூட்டர் மேல் ஒரு பச்சைப் பொட்டலம் இருந்தது. தேங்காய் மணக்கும் சோளப் பொரி. இயந்திரம் சொன்னபடி கேட்க அந்த ஊரில் எல்லோரும் வைப்பதுதான். பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது.

"பழசு போன மாசமே தேதி முடிஞ்சிருச்சு தம்பி, அதான் அதுக்குக் கோவம். இப்பத்தான் புதுசு வெச்சேன்" என்றார் அக்கா.

"அப்ப நான் எதுக்குக்கா? பொட்டலத்துக்கே சம்பளம் குடுத்துடுங்க."

"வாயை மூடிக்கிட்டு மறுபடி பாரு."

பார்த்தான். ஒரு மணி நேரம் கழித்தும் அதே நூற்றுப்பன்னிரண்டு. முனகலும் நின்றிருந்தது. புது டிஸ்க் வாங்க வெயிலில் இருபது நிமிடம் வண்டி ஓட்ட வேண்டும்.

"தாங்கும்க்கா. திங்கக்கெழமை மாத்திக்கலாம்" என்றான். கிளம்பும்போது பொட்டலத்தைக் கொஞ்சம் நேராக நிமிர்த்தி வைத்தான். யாரும் பார்க்கவில்லை என்று அவனுக்கு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டு செத்தது. உள்ளே தட்டே கீறல் விழுந்து போய்விட்டது என்று, செத்த டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டெடுப்பவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

கஞ்சிக் கடைக்குப் போய் டிஸ்க் செத்ததைச் சொன்னான். இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நிஜமாகவே பயந்தான்.

யூ-சுவான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"இல்ல."

"பொரி வெச்சா சரியாயிடும்னு அந்த அக்கா உன்னைத் தடுத்தாங்களா?"

ஒரு தலையாட்டல் போதும், தப்பித்துவிடலாம். அவனுக்கும் அது தெரிந்தது.

"அவங்க தடுக்கல. நாந்தான் நம்பிட்டேன். ரெண்டு நாள் போகட்டும்னு சொன்னதும் நாந்தான்."

அவள் கையைக் கழுவி, துணியில் துடைத்தாள்.

"சரி, மறுபடி எடுப்போம். அதே உப்பளம், அதே ஒம்பது மணி நேரம். இந்தத் தடவை கோட்டு எனக்கு, கவுன் உனக்கு" என்றாள் யூ-சுவான். "இடுப்பளவு என்ன, சொல்லு."