கள்ளரசனுக்குக் கிடைத்த மானியம்

எங்கள் ஜில்லாவில்தான் முதன்முதலில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராசிபுரம் பக்கத்துக் கூத்து ஜமாக்களுக்கு விளக்குக்கு எண்ணெயும் வயிற்றுக்குச் சோறும் போட்டு வந்தவர்கள் கள்ளுக்கடைக் குத்தகைக்காரர்கள்தான் என்பதை எந்தப் புண்ணியவானும் யோசிக்கவில்லை. கடை மூடிய கையோடு எங்கள் அடுப்பும் அணைந்தது.

எங்கள் ஜமாவில் என் அண்ணன் ராஜவேஷம், நான் கோமாளி. அண்ணனுக்குக் கூத்தைத் தவிர வேறு எழவும் தெரியாது. ஓமலூர்ப் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் அதிகாரி ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கள்ளின் கேட்டைச் சொல்லி ஒரு புதுக்கூத்து கட்டி, நாமகிரிப்பேட்டைச் சந்தைத் திடலில் ஆடிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் தாலுகா முழுக்க ஆடுவதற்கு வருஷம் பூராவும் மானியம்.

“ரெண்டே மணி நேரம். பொழுது இறங்கினதும் ஆரம்பிச்சு, நான் சாப்பிடப் போறதுக்குள்ள முடிக்கணும்,” என்றார். விடிய விடிய ஆடுகிற எங்களிடம்! சரிங்க என்று தலையாட்டினோம்.

அண்ணன் சோறு தண்ணி மறந்து பாட்டுக் கட்டினார். கள்ளரசன் என்று ஓர் அசுரன். அவனைக் கொல்ல ஒரு சர்க்கார் ராஜா. கூத்தில் ஒரு முறை உண்டு. பெரிய கிரீடம், பெரிய புஜக்கட்டை, திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடுவது, எல்லாம் கடைசியில் சாகப் போகிற ராஜாவுக்குத்தான். அந்த வேஷம் ஜமாவில் மூத்தவருக்கு. ஆகவே அண்ணன் கள்ளரசன். சர்க்கார் ராஜா, போன தையில் எங்களோடு சேர்ந்த ஓர் ஒல்லி ஆசாமி. இதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

திரை விலகியது. அண்ணன் வந்தார் பாருங்கள்! நானில்லாமல் கல்யாணம் ஏது, நானில்லாமல் கருமாதி ஏது என்று பாடிக்கொண்டே கிறுகிறுவென்று சுற்றினார். மேல்துண்டுகள் பறந்தன. “அப்பிடிப் போடு சாமி!” என்று திடலே கத்தியது. முன்னால் நாற்காலியில் அதிகாரி நெளிந்தார். நான்தான் கோமாளி அல்லவா, நடுவில் புகுந்து மட்டம் தட்டிப் பார்ப்போம் என்று, “ஏனுங்க ராசா, உங்க பேரைச் சொன்னாலே என்ற பொண்டாட்டி ஒலக்கையைத் தூக்கறாளே, ஏனுங்க?” என்றேன்.

“அது உன்ற மூஞ்சிக்குடா! என்னை எதுக்கு இழுக்கறே?” என்றார் அண்ணன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் இறக்க இறக்க அவர் ஏறிக்கொண்டே போனார்.

ஒரு வழியாக ஒல்லி ராஜா கத்தியை ஓங்கினார், அண்ணன் விழுந்தார். விழுந்த ராஜாவுக்கு ஒப்பாரி வைக்காமல் நாங்கள் கூத்தை முடிப்பதில்லை. ராணி வேஷக்காரர் கூந்தலை விரித்துப்போட்டு மாரடித்தார். பெண்கள் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது, பிறகு எல்லாரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். கள்ளைக் குடித்துவிட்டு வந்தவனிடம் உதைபட்டவர்கள், தாலியைக் கூடப் பறிகொடுத்தவர்கள், அவர்களே மூக்கைச் சிந்தினார்கள். அட கடவுளே, சிரிப்பதா அழுவதா என்றே எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி எழுந்து வந்தார். “என்னய்யா இது? கள்ளுக்கு எழவு கொண்டாடவா சர்க்கார் பணம் கொடுக்குது?”

“அழுதாத்தானுங்க அவன் செத்துட்டான்னு சனத்துக்கு மனசுல பதியும்,” என்றார் அண்ணன்.

அது அதிகாரி காதில் ஏறவில்லை. “கிரீடம் வேண்டாம், பாட்டு வேண்டாம், ஒப்பாரி வேண்டவே வேண்டாம். கிழிஞ்ச வேட்டியோட தள்ளாடிக்கிட்டு வரட்டும், உதை வாங்கிட்டுச் சாகட்டும். சம்மதம்னா மானியம். இல்லேன்னா வேற ஜமாவைப் பாத்துக்கறேன்.”

அவரும் கெட்ட மனுஷர் இல்லை. மேலே இருப்பவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். யார் மேல்தான் கோபப்படுவது? அண்ணன் எங்களைப் பார்த்தார். முகவீணை ஊதுகிறவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள். ஊர் வாயெல்லாம் மூடுகிற நான் குனிந்து கால் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“சரிங்க,” என்றார் அண்ணன்.

அதிகாரி போன பிறகு அண்ணன் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உதை வாங்கறதுக்கு ராசவேசக்காரன் எதுக்குடா சாமி? நீயே ஆடிப்போடு. நான் தாளம் தட்டறேன்.”

“ஏனுங்கண்ணா இப்பிடிப் பேசறீங்க?”

“எல்லாரு ஊட்லயும் ஒலை வெக்கோணுமல்லோ,” என்றார்.

ஆடினேன். ஊர் ஊராகத் தள்ளாடினேன், உதை வாங்கினேன், செத்தேன். சனம் பாதியிலேயே எழுந்து போனது, ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அண்ணன் ஓரமாக உட்கார்ந்து தாளம் தட்டினார். மானியம் மட்டும் தவறாமல் வந்தது.

வருஷக் கடைசியில் அதிகாரி மறுபடியும் பார்க்க வந்தார். ஆட்டம் முடிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக நேரே என்னிடம் வந்தார். “பாத்தியா? அன்னைக்குக் கிரீடத்தை மாட்டிக்கிட்டு என்னா குதி குதிச்சே! நான் சொன்னபடி கேட்டதும் எவ்வளவு திருந்திட்டே!”

அது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அண்ணன் முந்திக்கொண்டார்.

“ஆமாங்க,” என்றார், “நல்லாத் திருந்திட்டானுங்க.”