ஒரு வாளித் தண்ணீர்

மதியம் இரண்டு இருபதுக்கு மகளின் அறையிலிருந்த ஜன்னல் ஏசிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே கருகல் வாடை.

நான் இருபத்திரண்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அந்தச் சத்தமும் வாடையும் சேர்ந்து வந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக வாளியைத் தேடும். ஒவ்வொரு அறை வாசலிலும் தண்ணீரும் மணலும் வைத்துப் பழகியவர்கள், வீட்டிலும் வைத்திருப்போம். மெயினை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. வாளித் தண்ணீர் முழுவதையும் ஏசிமேல் வீசிவிட்டேன். மனைவிதான் ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

"அப்பா, இது கம்பெனி இல்ல, நம்ம வீடு," என்றாள் கட்டிலில் இருந்த மகள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவளை, போன தீபாவளி சீசனில் லேபிள் ஒட்ட நான்தான் கூட்டிப்போனேன். பக்கத்து அறை வெடித்தது. அவள் முதுகிலும் கைகளிலும் இப்போது இருப்பது ஒட்டுப்போட்ட தோல். அதில் வியர்க்காது. உடம்புச் சூடு வெளியேற வழியில்லை, அறை குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

வெளியே சித்திரை வெயில். சிவகாசியில் தெரிந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் போன் செய்தேன். ஒருவர் நாளை மறுநாள் என்றார். இன்னொருவர் வந்து பார்ப்பதற்கே எழுநூறு கேட்டார். சரி என்றேன்; அவரும் வரவில்லை. மனைவி ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள். நான்கு மணிக்கு மேல் மகள் பேசவில்லை. காய்ச்சல் நூற்றொன்று. நூற்றிரண்டைத் தாண்டினால் உடனே கூட்டி வரச் சொன்னார் மருத்துவர். அந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தரைக்கு விருதுநகரிலிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் வந்தார். ஏசியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கெப்பாசிட்டர்தான் வெடிச்சிருக்கு, அண்ணாச்சி. ஐந்நூறு ரூவா வேலை. தண்ணிய ஊத்தி போர்டையும் மோட்டாரையும் சேத்துக் கொன்னுட்டீகளே."

புதிது முப்பத்தைந்தாயிரத்துக்குக் குறையாதாம். அவர் மகளின் கைகளைப் பார்த்தார். பிறகு என்னை வாசலுக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். தாயில்பட்டியில் ஒரு வீட்டில் கழற்றிய ஏசி தன் கடையில் கிடக்கிறது, மூன்று மாதம்தான் ஓடியது, பன்னிரண்டாயிரம் போதும் என்றார்.

ஏன் கழற்றினார்கள் என்று கேட்டேன்.

"இதே மாதிரி ஒரு பிள்ளைக்குத்தான் மாட்டுனேன். இப்ப அவுகளுக்குத் தேவைப்படல. எட்டு மணிக்குள்ள கொண்டாந்து மாட்டிருவேன், அண்ணாச்சி. பிள்ளைகிட்ட புதுசுன்னே சொல்லிருங்க."