சம்பந்தி வேனுக்கு மூளை மாற்றிய கதை

வாகனங்களுக்கு மூளை இல்லாத காலத்தில் மெக்கானிக்குக்கு மூளை இருப்பதாக ஊரார் நம்பினார்கள். வாகனத்துக்கு மூளை வந்த நாளிலிருந்து எங்களுக்கு அது கிடையாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன். பதுளையில் இருபது வருஷம் காதால் கேட்டே என்ஜின் பார்த்தவன். ரேடியோ திருத்துகிறவர்கள், தையல் மெஷின் பார்க்கிறவர்கள், "இது ஏன் ஓடல?" என்று கேட்ட ஆளின் முன்னால் ஒரு தடவையாவது விழித்து நின்றவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

ஊசி போட்டால் சுகம்

பூனாகலைத் தோட்டத்தில் வேன் ஓட்டிப் பிழைத்த வேலாயுதம் என் சம்பந்தி. அவருடைய மூத்த மகனுக்கும் என் மகளுக்கும் கல்யாணம் பேசி, நாள் குறித்து, இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மாப்பிள்ளை பதுளைக்குச் சொந்த வேனில்தான் வருவார் என்று சம்பந்தி தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகச் சொல்லி முடித்திருந்தார். அந்த வேன் ஹாலிஎலையில் நின்றுவிட்டது. வெலிமடையிலிருந்து லீக்ஸ் ஏற்றி வந்த லொறியொன்று அதைக் கயிறு கட்டி என் கராஜ் வாசலுக்கு இழுத்து வந்தது.

ஜப்பானில் ஓடித் தீர்ந்து இங்கே வந்த டீசல் வேன். வடிகட்டியை மாற்றினேன், டீசல் குழாயை ஊதினேன், பம்பை ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் ஆனது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்தில் சூடேறி நின்றது. மூன்றாம் நாள் சம்பந்தி ஸ்டூலைவிட்டு எழுந்தார்.

"ஊசி போட்டா சொகமாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போனா காய்ச்சல் வந்துருது. ஒருக்கா அந்த ஞானசேகர்கிட்ட காட்டுவமா சம்பந்தி?"

ஞானசேகர்

இந்தப் பெயரை என் கராஜில் யாரும் சொல்வதில்லை. நானும் அவனும் ஒரே பாஸிடம் தொழில் பழகியவர்கள். சிறிய ஸ்பேனர் கேட்டால் பெரிய ஸ்பேனரை நீட்டுகிற ஆள் அவன். கொழும்புக்குப் போய் மூன்று மாதம் ஏதோ படித்தான். திரும்பி வந்து லேப்டாப்பும் கண்ணாடிக் கதவும் வைத்துக் கடை திறந்தான். திறப்பு விழாவில் என் வாடிக்கைக்காரர்கள் நிறைந்திருக்கும்போதே, "அண்ணே, இனிமே சுத்தியல வச்சிக்கிட்டு கராஜ் நடத்த ஏலாது" என்றான். ஏழு வருஷமாக அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூடச் சுற்றித்தான் போவேன்.

ஆத்திரத்தில் சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்: "அவன் கை பட்ட வேன்ல மாப்பிள்ளை வந்தா, என் பொண்ணு மணவறைக்கு வரமாட்டா." உள்ளே இருந்த என் மனைவி பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை.

"அப்ப நீங்களே செய்ங்க. ஆனா இந்த வேன் வரலன்னா மாப்பிள்ளையும் வரமாட்டான். வாடகை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தா தோட்டமே சிரிக்கும்."

கண்ணடித்த விளக்கு

வாகனச் சாமான் விற்கிற பாட்ஸ் கடை முஸ்லிம் நானாவிடம் போய் மானத்தைவிட்டுக் கேட்டேன். அவர் ஒரு துண்டு வயரோடும் ஒரு தாளோடும் கூடவே வந்தார். டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த சின்ன சொக்கெட்டில் இரண்டு ஓட்டையை வயரால் இணைத்தார். மீட்டருக்குள் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. எத்தனை தடவை சிமிட்டிவிட்டு ஓய்கிறதோ, அந்த எண்ணுக்கு நேரே தாளில் பழுதின் பெயர் இருக்கும். ஞானசேகர் லேப்டாப்பை விரித்துப் பார்க்கிற பாதி சங்கதி இந்த அரைச் சாண் வயருக்குள் இருந்திருக்கிறது!

மூன்று பேரும் எண்ணினோம். எனக்கு இருபத்துநாலு, நானாவுக்கு இருபத்தொன்பது, சம்பந்திக்கு நாற்பது. திரும்ப எண்ணினால் மூன்று பேருக்கும் வேறு கணக்கு. அது ஓயவே இல்லை. கடைசியில் நானா தாளை மடித்தார். "வேற ஒண்டுமில்ல பாஸ். கணக்குச் சொல்ற கம்ப்யூட்டர் பெட்டிக்கே புத்தி கலங்கிப் போச்சு. பெட்டிய மாத்துங்க." சம்பந்தி மட்டும் விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா இது நம்மளப் பாத்துத்தான் கண்ணடிக்குது."

பெட்டிக்குள் வேப்பிலை

அந்தப் பெட்டி முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. புத்தகம் அளவு, தகர மூடி. ஆணியைக் கழற்றித் தூக்கினேன். என் மடியில் மஞ்சள் தண்ணீர் கொட்டியது. மூடியைத் திறந்தால் உள்ளே பாசி பிடித்த மாதிரிப் பச்சை. வயர் முனையில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

விசாரித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் முதல் ஹயர் சவாரிக்கு முன் சம்பந்தி வேனுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பாராம். டயருக்குத் தெளித்தால் போதாதா என்றேன். கண்ணூறு ஏறி உட்காருகிற இடம் சீட்டுத்தானே என்று ஒரு செம்பை அப்படியே முன் சீட்டில் ஊற்றுவாராம். நாலு வருஷம். ஒரு வெள்ளியும் தவறியதில்லை. பெட்டி அதனால்தான் செத்தது என்று எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நாலு வருஷம் ஓடுனதே அந்தத் தண்ணியாலதான் சம்பந்தி!"

ஒரு எழுத்து மாறிய பெட்டி

விடியற்காலை பஸ் பிடித்துக் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய பெட்டியின் மேல் இருந்த பன்னிரண்டு எழுத்து நம்பருக்கு ஒத்த பெட்டி ஒன்று கிடைத்தது. கடைசி எழுத்து மட்டும் வேறு. "அது ஆட்டோ கியர் வேனுக்கு உரியது, வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னார். பன்னிரண்டில் பதினொன்று சரியாக இருக்கிறதே, நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதற்கு முதல் பரிசே கொடுப்பார்கள் என்று நினைத்து வாங்கி வந்தேன்.

பூட்டியதும், கையால் கியர் போடுகிற அந்த வேன் தன்னை ஆட்டோ கியர் வண்டி என்றே நினைத்துக்கொண்டது. நிறுத்தி வைத்தால் மலை ஏறுவதுபோல் உறுமியது. மலை ஏறினால் தூங்கி வழிந்தது. சம்பந்தி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கினார். மறுநாள் நான் திரும்பவும் கொழும்பு பஸ் ஏறி, பன்னிரண்டும் பொருந்தும் பெட்டியைக் கொண்டுவந்து, தண்ணீர் எட்டாதபடி டாஷ்போர்டுக்குப் பின்னால் உயர்த்திப் பூட்டினேன். வேன் பூனை மாதிரி ஓடியது. ஆனாலும் கொழும்பிலிருந்து வந்த அந்த முதல் பெட்டிக்கு, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவரை நினைத்து அவர் வைத்த பெயர் இன்றும் ஊரில் இருக்கிறது.

"அப்படியே எங்க கணக்கப்பிள்ளையய்யாதாங்க. சும்மா நிக்கிறப்ப கத்துவாரு, மலையில வேலை நடக்கிறப்ப தூங்குவாரு."

நிறுத்தாத வேன்

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளையோடு வேன் வந்து சேர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள், என்ஜின் மட்டும் நிற்கவில்லை. சம்பந்தியின் தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பந்திச் சாப்பாடும் இலையோடு அவருக்கு அங்கேயே போனது. "நிறுத்தினா திரும்ப எடுக்காமப் போயிட்டா? தாலி ஏறட்டும் சம்பந்தி" என்றார் வேலாயுதம். முதல்நாள் மாலையிலிருந்தே நிறுத்தவில்லையாம். லயத்தில் யாருக்கும் தூக்கம் இல்லையாம். என் மகள் கழுத்தில் தாலி ஏறியது, மேளத்தை மீறிய டீசல் சத்தத்தில்தான்.

ராகுகாலத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் பதுளையைவிட்டுப் புறப்பட வேண்டும். இருவரும் ஏறினார்கள். வேன் இரண்டு தரம் இருமி அடங்கியது. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்திலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவன் எழுந்து வந்தான். ஞானசேகர்! 'எதுக்கும் இருக்கட்டும்' என்று சம்பந்தி அவனுக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார். அவன் லேப்டாப்பைச் செருகி, பத்து நிமிஷம் பார்த்து, சபைக்குக் கேட்கும்படி சொன்னான்: "பெட்டி போயிருச்சு அண்ணே. பழைய சாமான் பூட்டினா இப்படித்தான்." என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளைத்தான் பார்த்தார்கள், ராசி இல்லாதவள் என்பதுபோல. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சம்பந்தியின் தம்பியிடம் கடைசியாக டீசல் எங்கே அடித்தீர்கள் என்று கேட்டேன். "பெட்ரோல் ஷெட்ல என்ஜின நிறுத்தச் சொல்வாங்களே, அதான் போகலைங்க" என்றார். டாங்கியை விரல் முட்டியால் தட்டினேன். காலிக் குடம். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்டோவில் போய் ஒரு கான் டீசல் கொண்டுவந்து ஊற்றினேன். குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் அடித்து அடித்து வெளியே தள்ளினேன். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஒரே சாவிதான். வேன் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு முதல் தடவையாக என் மகள் சிரித்தாள். ஞானசேகர் லேப்டாப்பை மூடினான். ஏழு வருஷம் காத்திருந்த நிமிஷம்! சபைக்கு முன்னால் ஒரு வார்த்தை வரும் என்று சம்பந்தி முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். பிறகு டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தவரைப் பின்னால் போகச் சொன்னார்.

"நல்ல காரியம் செஞ்சீங்க சம்பந்தி. மலைப் பாதை பாருங்க, எதுக்கும் ஞானசேகர் தம்பியும் கூடவே வரட்டும்."

வேனின் மூளையை மாற்ற இரண்டு பெட்டி போதுமாக இருந்தது. சம்பந்தியின் மனதை மாற்றுகிற சாமான் மட்டும் இத்தனை வருஷமாகியும் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.