உம் கொட்டாத வெள்ளைக்காரர்

தோட்டத்துத் துரைமார் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் மாத்தளை வீட்டுக்கு அண்ணன் ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வந்தார். அவர் பல வருடம் ஜப்பானில் இருந்தவராம். அந்த ஊர்ப் பேய்க்கதைகளை இங்கிலீசில் எழுதி வெளிநாட்டுக்காரர்களைப் பயமுறுத்தியவராம். இப்போது எங்கள் பேய்களைத் தேடி வந்திருந்தார்.

நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. நாற்காலி போட்டும் பாயில்தான் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். கதை கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று சொல்ல, அண்ணன் இங்கிலீசில் சொன்னார். லக்கல காட்டில் யானை துரத்தி ஒரு பெண் மரத்தில் ஏறுகிறாள். மேலே கிளையில் ஒரு பேய் உட்கார்ந்திருக்கிறது.

அங்கே நிறுத்தினேன். கேட்பவர் "உம்" கொட்டினால்தானே மேலே சொல்வது வழக்கம்? அவர் அசையவே இல்லை. பிறகு கண்ணைத் திறந்து ஏதோ சொன்னார்.

"ரொம்ப நல்ல முடிவாம். ஜப்பான்லயும் சில கதைய இப்படித்தான் பயத்தோட விட்டுருவாங்களாம். முடிஞ்சிருச்சான்னு கேக்குறாரு," என்றார் அண்ணன்.

வெட்கத்தில் ஆமென்று தலையை ஆட்டிவிட்டேன். அவர் கதையைத் தன் புத்தகத்துக்காக எழுதிக்கொண்டு, எனக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

"அந்தப் பேயும் யானைக்குப் பயந்துதான் ஏறியிருந்துச்சு அண்ணே," என்றேன் பிறகு.

"அத அவருகிட்ட சொல்றதுக்கென்ன புள்ள?"

"அவரு உம் கொட்டலயே."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். என் பேச்சை அந்த வெள்ளைக்காரர் அளவுக்கு மரியாதையாக வேறு யாரும் கேட்டதில்லை. அவர் புத்தகம் போன தேசங்களில் எல்லாம் அந்தப் பெண்ணை நான்தான் மரத்திலேயே விட்டுவிட்டேன்.