ஐம்பதாவது கொசு

கொசு வளர்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால் கும்மிடிப்பூண்டியில் யாரும் நம்ப மாட்டார்கள். "ஊருல இருக்கிற கொசு பத்தலன்னு நீ வேற வளக்கிறியா?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். ஆமாம், பத்தவில்லை என்றேன். தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிமுறைப் புத்தகத்தில் இது இருக்காது.

வேலை இதுதான். மலேரியாத் தடுப்பூசி ஒன்றிரண்டு வந்துவிட்டாலும், இன்னும் நன்றாகக் காக்கிற ஊசிக்காகப் பல நாடுகளில் சோதனை நடக்கிறது. எங்கோ ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம், ட்ரை ஐஸ் பெட்டியில் எங்களுக்கு வரும். பெயர் இருக்காது, நம்பர் மட்டும். அந்தச் சீரம் கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்க உயிருள்ள கிருமி வேண்டும். அது கொசுவின் எச்சில் சுரப்பியில்தான் கிடைக்கும். அதனால் கிருமியைக் குடுவையில் நாங்களே வளர்த்து, ரத்தத்தில் கலந்து கொசுவுக்கு ஊட்டி, இரண்டு வாரம் கழித்துச் சுரப்பியைப் பிரித்தெடுப்போம். இரண்டு வாரம் ஆன கொசு கடித்தால் மலேரியா வரும். லேசுப்பட்டது இல்லை, ஆளைச் சாய்க்கிற வகை.

உள் அறையில் சுவர், தரை, மேசை, நாங்கள் போடுகிற உடுப்பு எல்லாமே வெள்ளை. கொசு எங்கே உட்கார்ந்தாலும் தெரிய வேண்டும். வெளியே பகல் பதினொரு மணி, உள்ளே அந்தி மங்கல். எங்கள் வேலை நேரத்தில் கொசு இரை தேட வேண்டுமென்று அதற்கு இரவையும் பகலையும் மாற்றி வைத்திருந்தோம். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த மங்கலுக்குள் நுழையும்போது முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும்.

அன்று உள்ளே நானும் சுகன்யாவும். அவள் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நல்ல கை, அவசரப்பட மாட்டாள். வலை கட்டிய கப்பில், கிருமி ஊட்டி இரண்டு வாரம் ஆன ஐம்பது கொசு. குளிரில் மயக்கித் தட்டில் கொட்டி எண்ணினோம்.

"நாப்பத்தொம்போது வருதுக்கா."

"கண்ணத் தொடச்சிக்கினு எண்ணு."

அவள் எண்ணினாள், நான் எண்ணினேன். நாற்பத்தொன்பதுதான். கப்பின் வலையைப் பார்த்தேன். ரப்பர் பேண்டு ஒரு பக்கம் ஏறியிருந்தது. அதைக் காலையில் மாட்டியவள் நான்.

இன்டர்காமில் சூப்பர்வைசர் பிரகாஷ் சாரிடம் சொன்னேன். "கெடைக்காம கதவத் தொறக்க முடியாது எஸ்தர். தேடுங்க" என்றார். எல்லா லைட்டையும் போட்டு ஒரு மணி நேரம் தேடினோம். உடம்பில் கடிக்காத இடமெல்லாம் அரித்தது. கையை எடுத்துச் சொறியவும் பயம்.

கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஃபேனை நிறுத்தி, லைட்டைக் குறைத்து, ஆளுக்கொரு மூலையில் அசையாமல் நின்று வாயால் மூச்சு விட வேண்டும். மூச்சுக்கு அது வரும். ஒருவர் மேல் வருகிறதா என்று மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதாவது நாமே தூண்டில் புழு. ஃபேன் நின்றதும் அறை அப்படியே செத்துப்போனது. என் மூச்சு எனக்குக் கேட்டது. சுகன்யாவின் மூச்சு கேட்கவில்லை. டார்ச் அடித்தேன். வாயை இறுக மூடி, இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி?"

"ரெண்டரை மாசம்க்கா. மொத ரெண்டும் தங்கல. மூணு முடியட்டும்னு ஊட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல."

இப்படி ஒருத்தி இந்த அறைக்குள் காலே வைக்கக் கூடாது. திட்ட வாயைத் திறந்தேன், அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அவளுக்குப் பின்னால் சுவரில், முழங்கால் உயரத்தில், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பறக்க முடியாத கனம். அடித்தேன். கையுறையில் சிவப்பாகப் பரவியது.

கப்பில் இருந்த கொசுவுக்கு, கிருமி ரத்தம் ஊட்டிய பிறகு இரண்டு வாரமாகச் சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுத்திருந்தோம். இது புது ரத்தம். அறையில் இருந்ததோ நாங்கள் இரண்டு பேர்.

"கெடைச்சிச்சா? கொசு வயிறு காலிதான?" என்று இன்டர்காம் கேட்டது.

சுகன்யா என் முழங்கையைப் பிடித்தாள். "காலின்னு சொல்லுங்கக்கா. ரத்தம்னு சொன்னா மாத்திரை குடுப்பாங்க. அதுல ஒண்ணு மாசமா இருக்கிறவங்களுக்கு ஆவாது. ஒங்க கால்ல வுழறேன்."

கடித்தது என்னைத்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். ஏன் என்றால் அப்படி நினைப்பதுதான் வசதி. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தி, "காலி சார்" என்றேன். ஸ்பிரிட்டில் கையுறையைத் துடைத்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னென்னவோ சந்தோஷமாகப் பேசினாள். பேசிக்கொண்டே ஒரு காலை மடக்கிக் கணுக்காலைச் சொறிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே இடம். இந்த ஊரில் கொசு கடிக்காத கால் எது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. டிரைவரிடம் நிறுத்தச் சொன்னேன்.

"ஏன்க்கா எறங்குறீங்க?"

"பர்ஸ வச்சிட்டு வந்துட்டேன்."

திரும்பி நடந்து போய் பிரகாஷ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் வயிற்றில் இருப்பதையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. கம்பெனி டாக்டர் எனக்கு அன்றே மாத்திரை கொடுத்தார். அவளுக்கு, ஆதாரம் இல்லாமல் இந்த மாசத்தில் மருந்து வேண்டாம், தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். ரத்தம் தடவிய ஸ்லைடைப் பார்ப்பது என் பொறுப்பு. விட்டுக்கொடுக்கவில்லை, நானே பார்த்தேன். பத்து நாள் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் கும்பிட்டுவிட்டுத்தான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பேன்.

பதினொன்றாம் நாள் ஒரு சிவப்பணுவுக்குள் மோதிரம் ஒன்று தெரிந்தது. மெல்லிய வளையம், ஓரத்தில் ஒரு பொட்டு. வருஷக்கணக்காகத் தினமும் பார்க்கிற கிருமி. குடுவையில் வளர்த்து, சூடு பார்த்து, வேளை தவறாமல் நான் தீனி போட்டது. அது சுகன்யாவின் ரத்தத்துக்குள் இருந்தது. எழுந்து போய் டாக்டரைக் கூப்பிட்டேன்.

காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவளுக்கு ஒத்துக்கொள்கிற மருந்தைக் கொடுத்தார்கள். பிழைத்தாள். வயிற்றில் இருந்ததும் தங்கியது. ஆய்வுக்கூடம் அவளை வேறு வேலைக்கு மாற்றியது. அவள் சேரவில்லை, நின்றுவிட்டாள்.

ஆறேழு மாசம் கழித்து அவள் வீட்டுக்காரர் லட்டுப் பெட்டியோடு ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தார். இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார்.

"பொண்ணு பொறந்துக்கீதுக்கா. நல்லாக்கீறாங்க ரெண்டு பேரும்."

"சுகன்யா வரலையா?"

"கூப்ட்டேன், மாட்டேன்னுட்டா." லட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தார். "'எஸ்தரக்கா பொய் சொல்லும்போது என் மூஞ்சப் பாத்துச் சொன்னாங்க, உண்மைய மட்டும் எனக்குத் தெரியாமப் போய்ச் சொன்னாங்க'ன்றா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. அவள் சொல்வது சரி. அந்த அறையிலேயே, அவள் பிடித்த பிடியோடு உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பாள். ஆனாலும் ரத்தம் கொடுக்க வந்த அந்தப் பதினொரு நாளில் ஒரு நாளாவது எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கொசுவின் வயிறு காலியா என்று கேட்டால் பார்த்ததைச் சொல்லுங்கள். கூட இருப்பவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். அழுவார். கையை மட்டும் விடாதீர்கள்.